சிறுநீரகம் பழுதாவது ஏன்? முன்கூட்டியே அறிவது எப்படி?

“அவருக்குக் கிட்னி பெயிலியராம். கிழமைக்கு மூன்று நாள் டயலிசிஸ் செய்கிறார்களாம்.” இப்படியொரு செய்தி வந்ததும் எம்மவர்கள் வழக்கமாகக் கேட்பது: “போன மாதம் கலியாண வீட்டில் கண்டேனே, நன்றாகத்தானே இருந்தார்?”

நன்றாகத்தான் இருந்திருப்பார். சிறுநீரகம் மெல்ல மெல்லப் பழுதடையும்போது பெரும்பாலும் வலிப்பதில்லை. காய்ச்சல் வருவதில்லை. சிறுநீரும் வழமைபோலவே போகும். பத்து, பதினைந்து ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகப் பழுதடைந்து, எஞ்சிய பகுதியும் தாக்குப்பிடிக்க முடியாத கட்டத்தில்தான் உடலில் வித்தியாசம் தெரியத் தொடங்கும். திடீரென்று வந்ததாக நாம் நினைப்பது பெரும்பாலும் நெடுங்காலமாக இருந்த நோயின் கடைசிக் கட்டமே.

ஆனால் இந்நோயை அது பேசாமல் இருக்கும் காலத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். அதற்கு வேண்டியவை ஒரு சிறு குழாய் இரத்தமும் ஒரு சிறு போத்தல் சிறுநீரும் மட்டுமே. சிறுநீரகங்களின் வேலை என்ன, அவை ஏன் பழுதடைகின்றன, அந்த இரண்டு பரிசோதனைகளும் எதைச் சொல்கின்றன என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

எங்களுக்கு இது ஏன் முக்கியம்?

1980களிலும் 1990களிலும் இளவயதில் பிரித்தானியாவுக்கு அகதிகளாக வந்து சேர்ந்தவர்கள் இப்போது ஐம்பதையும் அறுபதையும் கடந்துவிட்டார்கள். நானும் அவர்களில் ஒருவன். பெற்றோல் நிலையங்களிலும் கடைகளிலும் இரவு வேலை, நேரம் தப்பிய சாப்பாடு, ஊரிலுள்ளவர்களுக்குக் காசு அனுப்பும் கவலை என்று ஓடிய காலத்தில், “பிறகு பார்ப்போம்” என்று நாங்கள் தள்ளிவைத்தவற்றுள் எங்கள் உடலும் ஒன்று.

தெற்காசிய மக்களுக்கு நீரிழிவு நோய் வெள்ளையரைவிடப் பல மடங்கு அதிகமாக வருகிறது. ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் முன்னதாகவும் வருகிறது. முப்பத்தைந்து வயதில் நீரிழிவு தொடங்கிய ஒருவருக்கு ஐம்பத்தைந்து வயதாகும்போது அவருடைய நோய்க்கு இருபது வயது. சிறுநீரகங்கள் கணக்குக் கேட்கத் தொடங்கும் காலம் அது.

சிறுநீரகங்கள் என்ன செய்கின்றன?

முதுகுப் புறத்தில், விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியை ஒட்டி, முள்ளந்தண்டின் இரு பக்கமும் ஒவ்வொன்றாக இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. பெரிய அவரை விதை போன்ற வடிவம். நீளம் 10 முதல் 12 சென்ரிமீற்றர். ஒவ்வொன்றிலும் ஏறக்குறையப் பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. இவற்றை நெப்ரோன்கள் என்பர். ஊரில் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்தவர்களுக்குச் ‘சிறுநீரகத்தி’ என்ற சொல் நினைவிருக்கலாம்.

இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டு சிறிய உறுப்புகளுக்கே செல்கிறது. ஒரு நாளில் அவை வடிகட்டும் திரவத்தின் அளவு சுமார் 180 லீற்றர். அதில் உடலுக்கு வேண்டிய நீர், சீனி, உப்புகள் யாவும் மீண்டும் உறிஞ்சப்பட்டு, எஞ்சும் ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் வரையே சிறுநீராக வெளியேறுகிறது.

கழிவை அகற்றுவது மட்டுமே சிறுநீரகத்தின் வேலை என்று பலர் எண்ணுகிறார்கள். அதனுடைய பொறுப்புகள் அதைவிட அதிகம்:

1. யூரியா, கிரியற்றினைன் போன்ற கழிவுகளையும் பல மருந்துகளின் எச்சங்களையும் வெளியேற்றுதல்.

2. உடலிலுள்ள நீர், சோடியம், பொட்டாசியம், அமிலம் ஆகியவற்றின் அளவைச் சமநிலையில் வைத்திருத்தல். பொட்டாசியம் அளவு மீறினால் இதயத்துடிப்பே நின்றுவிடலாம்.

3. இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் இரசாயனங்களைச் சுரத்தல்.

4. எலும்பு மச்சையில் செங்குருதிக் கலங்கள் உருவாவதற்கான ஓமோனைச் சுரத்தல். இதனால்தான் சிறுநீரக நோயாளருக்கு இரத்தச்சோகை ஏற்படுகிறது.

5. விற்றமின் டியை உடல் பயன்படுத்தக்கூடிய வடிவத்துக்கு மாற்றி எலும்புகளைக் காத்தல்.

இவ்வளவு வேலை செய்யும் உறுப்பு பழுதடைவது ஏன் வெளியே தெரிவதில்லை? தேவையைவிட மிக அதிகமான திறனுடன் அது படைக்கப்பட்டிருப்பதே காரணம். ஒரு சிறுநீரகத்தைத் தானமாகக் கொடுத்தவர் மற்றதுடன் சுகமாக வாழ்கிறார் அல்லவா? சில வடிகட்டிகள் அழிந்தால் எஞ்சியவை அவற்றின் சுமையையும் ஏற்றுக்கொள்கின்றன. கூடுதல் சுமையால் அவையும் காலப்போக்கில் தேய்கின்றன. அழிந்த வடிகட்டிகள் மீண்டும் முளைப்பதில்லை.

பழுதடைவதற்கான காரணங்கள்

நீரிழிவு: முதலிடம் இதற்கே. இரத்தத்தில் சீனி நீண்டகாலம் கூடுதலாக இருந்தால் வடிகட்டிகளின் நுண்ணிய சுவர்கள் தடித்து, சிதைந்து, ஒழுகத் தொடங்குகின்றன. மா அரிக்கும் அரிதட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கண்கள் சரியாக இருக்கும்வரை மா கீழே விழும், கட்டி மேலே நிற்கும். கண்கள் கிழிந்துவிட்டால் கட்டியும் மாவோடு விழுந்துவிடும். அதுபோல, இரத்தத்திலேயே தங்க வேண்டிய அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் வெளியேறத் தொடங்குகிறது. நீரிழிவுக்காரரின் சிறுநீரகம் தரும் முதல் எச்சரிக்கை பெரும்பாலும் இதுவே.

உயர் இரத்த அழுத்தம்: சிறுநீரகத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நுண்ணிய குழாய்கள் இதனால் தடித்து ஒடுங்குகின்றன. போதிய இரத்தம் கிடைக்காத சிறுநீரகம் அழுத்தத்தை மேலும் உயர்த்தும் இரசாயனங்களைச் சுரக்கிறது. பிரஷர் சிறுநீரகத்தைக் கெடுக்க, சிறுநீரகம் பிரஷரைக் கூட்டுகிறது. நீரிழிவும் பிரஷரும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் பழுது இன்னும் வேகமாக நடக்கும். புகைத்தலும் உடற்பருமனும் அதைத் துரிதப்படுத்தும்.

சிறுநீரக அழற்சி: உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே வடிகட்டிகளைத் தாக்கும் நோய்கள் இவை. இளவயதினருக்கும் வரலாம். சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போவதும் முகம் வீங்குவதும் இதன் அடையாளங்களாக இருக்கலாம்.

பரம்பரை நோய்: சிறுநீரகம் முழுவதும் நீர்க்கட்டிகள் நிறையும் நோய் இவற்றுள் முக்கியமானது. பெரியவர்களில் காணப்படும் வழக்கமான வகையில், தாய்க்கோ தந்தைக்கோ இந்நோய் இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வரும் சாத்தியம் 50 வீதம். குடும்பத்தில் இதை மறைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் பெருந்தீங்கு.

அடைப்பு: சிறுநீரகக் கல், வயதான ஆண்களின் புரொஸ்ரேற் சுரப்பி வீக்கம் ஆகியவற்றால் சிறுநீர் தடைப்பட்டு, பின்னோக்கிய அழுத்தம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். “வயது போனால் இப்படித்தான்” என்று ஐயாமார் இதைச் சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள்.

வலிநிவாரணிகள்: ஐபுபுறொஃபென், நப்றொக்சென், டைக்ளோஃபினாக் போன்ற குளிசைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைக்கின்றன. சுகதேகி ஒருவர் ஓரிரு நாள் எடுப்பதால் வழக்கமாகத் தீங்கில்லை. ஆனால் முழங்கால் நோவுக்கென்று மாதக்கணக்கில் எடுப்பது, அதிலும் நீரிழிவும் பிரஷரும் உள்ளவர்கள் எடுப்பது ஆபத்தானது. இவர்களுக்கு வழமையான அளவில் பரசிற்றமோல் பாதுகாப்பானது.

சில நாட்டு மருந்துகள்: மூலிகை என்றால் தீங்கில்லை என்ற நம்பிக்கை எம்மிடையே வலுவாக உள்ளது. தரக்கட்டுப்பாடின்றி விற்கப்படும் சில பற்ப, செந்தூர வகைகளில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியன காணப்பட்டுள்ளன. இவை சிறுநீரகத்துக்கு நஞ்சு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகைக் குளிசை எடுத்த பல பெண்களின் சிறுநீரகங்கள் முற்றாகச் செயலிழந்தன. அதற்குக் காரணமான அரிஸ்ரோலோகியா என்ற தாவர இனத்தைச் சேர்ந்ததே எமது நாட்டு வைத்தியத்தில் வரும் ஈசுவரமூலியும். ஊரிலிருந்து பொதியில் வரும் பெயர் தெரியாத தூளை எடுக்கமுன் உங்கள் வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ காட்டுங்கள்.

ஊருக்குப் போகும்போது

மேலே சொன்னவற்றுள் பல ஆண்டுக்கணக்கில் நடப்பவை. ஒரு சில நாட்களில் சிறுநீரகம் செயலிழப்பதும் உண்டு. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஊருக்குப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கடும் வெயில், வயிற்றோட்டம், வாந்தி. உடலில் நீர் வற்றிவிட்டது. இந்நிலையில் வழமையான பிரஷர்க் குளிசையையும் எடுத்து, உடம்பு நோவுக்கு டைக்ளோஃபினாக்கும் போட்டால் மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தை முடக்கிவிடலாம். உரிய நேரத்தில் கவனித்தால் இது பெரும்பாலும் குணமாகும். எலிக்காய்ச்சலும் புடையன் பாம்புக்கடியும்கூட இவ்வாறு திடீர்ச் செயலிழப்பை ஏற்படுத்துபவை. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைப் பறித்தது நினைவிருக்கும்.

இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து இன்னொரு சிறுநீரக நோய் கவனத்துக்கு வந்தது. அனுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களில், நீரிழிவோ பிரஷரோ இல்லாத விவசாயிகளை அது பெருமளவில் தாக்கியது. வவுனியா, முல்லைத்தீவின் சில பகுதிகளிலும் காணப்படுகிறது. வெயிலில் நீரின்றிக் கடுமையாக உழைத்தல், கிணற்று நீரின் தன்மை, விவசாய இரசாயனங்கள் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டும் ஒன்றே காரணமென்று நிறுவப்படவில்லை. அப்பகுதிகளில் உறவினர் உள்ளவர்கள், அவர்களும் ஆண்டுக்கொருமுறை பரிசோதனை செய்கிறார்களா என்று தொலைபேசியில் கேளுங்கள்.

அறிகுறிகள்

கால் வீக்கம், காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், சிறுநீரில் நுரை நிலைத்து நிற்பது, இரவில் அடிக்கடி சிறுநீர் போவது, களைப்பு, பசியின்மை, வாயில் கசப்பு, உடல் அரிப்பு, மூச்சு வாங்குதல் ஆகியன சிறுநீரக நோயின் அறிகுறிகள். இவற்றுள் பல, பழுது பெருமளவு முற்றிய பின்னரே தோன்றும். “எனக்கு முதுகு நோகவில்லை, ஆகவே கிட்னி நல்லாயிருக்கு” என்று கூறுபவர்கள் பலர். முதுகு நோவுக்குக் காரணம் பெரும்பாலும் தசையும் எலும்பும்தான். அறிகுறியை எதிர்பார்த்துக் காத்திருப்பது இந்நோயில் பயன் தராது.

இரண்டு பரிசோதனைகள், இரண்டு எண்கள்

முதலாவது இரத்தப் பரிசோதனை. தசைகளிலிருந்து உண்டாகும் கிரியற்றினைன் என்ற கழிவின் அளவை அளந்து, வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணித்து, ஈ.ஜி.எவ்.ஆர். என்ற எண்ணைத் தருகிறார்கள். சிறுநீரகங்கள் எத்தனை வீதம் வேலை செய்கின்றன என்று இதை ஏறக்குறையக் கருதலாம்.

90க்கு மேல்: இயல்பானது.
60 முதல் 89 வரை: சிறிது குறைவு. சிறுநீரில் புரதம் போன்ற வேறு குறை எதுவும் இல்லையென்றால் இதை நோய் என்று கொள்வதில்லை.
30 முதல் 59 வரை: மிதமான குறைவு. மூன்றாம் நிலை.
15 முதல் 29 வரை: கடுமையான குறைவு. நான்காம் நிலை.
15க்குக் கீழ்: செயலிழப்பு. ஐந்தாம் நிலை.

ஒரு முறை எண் குறைந்துவிட்டது என்று பயப்படவேண்டாம். மூன்று மாதங்களுக்கு மேலாகக் குறைந்திருந்தால்தான் நாட்பட்ட நோய் எனப்படும். வயதுடன் இந்த எண் இயல்பாகவே சிறிது சிறிதாகக் குறையும். எண்பது வயது அம்மாவின் 55க்கும் நாற்பது வயது மகனின் 55க்கும் பொருள் வேறு. பரிசோதனைக்கு முந்திய 12 மணி நேரம் இறைச்சி சாப்பிடாமல் இருப்பது நல்லது. இறைச்சி கிரியற்றினைனைத் தற்காலிகமாகக் கூட்டிக் காட்டும்.

இரண்டாவது சிறுநீர்ப் பரிசோதனை. இதன் பெயர் ஏ.சி.ஆர். அரிதட்டு ஒழுகுகிறதா என்பதை இதுவே சொல்லும். காலையில் முதலில் போகும் சிறுநீரைக் கொடுப்பது சிறந்தது. இந்நாட்டு அளவுமுறையில் 3க்குக் கீழ் இருந்தால் இயல்பு. 3 முதல் 30 வரை கவனிக்க வேண்டியது. 30க்கு மேல் கடுமையானது.

இரண்டாவது பரிசோதனைதான் அடிக்கடி விடுபடுகிறது. நீரிழிவுக்காரர்கள் ஆண்டுதோறும் இரத்தம் கொடுக்க வருகிறார்கள். சிறுநீர்ப் போத்தலைக் கையில் கொடுத்தால் அது கைப்பையிலோ குளியலறை அலுமாரியிலோ தங்கிவிடுகிறது. கூச்சம் ஒரு காரணம். “இரத்தம் எடுத்தாச்சுத்தானே, பிறகேன் இது?” என்ற எண்ணம் இன்னொன்று. ஆனால் ஈ.ஜி.எவ்.ஆர். 95 என்று அழகாக இருக்கும்போதே ஏ.சி.ஆர். 20 ஆக இருக்கலாம். அதாவது, சிறுநீரகம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒழுகத் தொடங்கிவிட்டது. சிகிச்சை அதிக பலன் தருவது அந்தக் கட்டத்தில்தான். போத்தலைக் கொடுக்காதவருக்கு அந்த ஆண்டுகள் வீணாகின்றன.

“மருந்துதான் கிட்னியைப் பழுதாக்கியது”

எம்மவரிடையே நான் மிக அதிகமாகக் கேட்கும் கூற்று இது. நீரிழிவுக்கும் பிரஷருக்கும் தரும் குளிசைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று பயந்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுப்பவர்களும் முற்றாக நிறுத்துபவர்களும் உண்டு. அவர்களே தலையிடிக்கும் முழங்கால் நோவுக்கும் யோசிக்காமல் ஐபுபுறொஃபென் எடுப்பார்கள். பயப்பட வேண்டிய குளிசைக்குப் பயமில்லை. காப்பாற்றும் குளிசைக்குத்தான் பயம்.

இந்த நம்பிக்கை எப்படி வந்தது என்பதும் விளங்கக்கூடியதே. மெற்ஃபோமின் குளிசை பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. எனவே ஈ.ஜி.எவ்.ஆர். 45க்குக் கீழ் இறங்கும்போது அதன் அளவை மீளாய்வு செய்வோம். 30க்குக் கீழ் வந்தால் நிறுத்திவிடுவோம். இதைப் பார்க்கும் குடும்பத்தவர், “டொக்டரே மெற்ஃபோமினை நிறுத்திப்போட்டார், அப்ப அதாலைதான் பழுதாகியிருக்கு” என்று முடிவுகட்டுகிறார்கள். நடந்ததோ மறுதலை. சிறுநீரகத்தைப் பழுதாக்கியது சீனி. வெளியேற வழியில்லாததால் நிறுத்தப்பட்டது குளிசை.

றமிப்றில், லொசாற்றன் போன்ற பிரஷர்க் குளிசைகள் வடிகட்டிகளுக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைத்து, அல்புமின் ஒழுகுவதையும் குறைக்கின்றன. தொடங்கியவுடன் ஈ.ஜி.எவ்.ஆர். சிறிது இறங்குவது எதிர்பார்க்கப்படுவதே. அதைக் கண்டு நீங்களாக நிறுத்த வேண்டாம். அண்மைக் காலத்தில் டபாகிளிஃப்ளொசின், எம்பாகிளிஃப்ளொசின் ஆகிய குளிசைகளும் வந்துள்ளன. நீரிழிவுக்கென்று கண்டுபிடிக்கப்பட்ட இவை, நீரிழிவு இல்லாத சிறுநீரக நோயாளருக்கும் பழுதின் வேகத்தைக் குறைக்கின்றன என்பது 2020ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் வெளியான பெரிய ஆய்வுகளில் நிரூபிக்கப்பட்டது. நான் மருத்துவம் படித்த காலத்தில் இப்படியான மருந்துகள் கைவசம் இருக்கவில்லை. இன்று இருக்கின்றன. உரிய காலத்தில் வருபவருக்குத்தான் அவற்றின் முழுப்பயனும் கிடைக்கும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: வாந்தி, வயிற்றோட்டம், கடும் காய்ச்சல் உள்ள நாட்களில் மேற்சொன்ன குளிசைகளிற் சிலவற்றைத் தற்காலிகமாக நிறுத்தவேண்டி வரலாம். எவற்றை நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்பதைச் சுகமாக இருக்கும்போதே உங்கள் வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உணவும் விரதமும்

உப்பு ஒரு நாளைக்கு 6 கிராமுக்கு மேற்படக் கூடாது என்பது இந்நாட்டு ஆலோசனை. அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. கறியில் போடும் உப்பை மட்டும் கணக்கெடுத்தால் போதாது. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம், பருத்தித்துறை வடை, மிக்சர், பாண் எல்லாவற்றிலும் உப்பு இருக்கிறது. கடைகளில் ‘உப்புக் குறைந்த உப்பு’ என்று விற்கப்படுபவற்றில் பொட்டாசியம் சேர்க்கப்பட்டிருக்கும். சிறுநீரக நோயாளர் வைத்தியரைக் கேட்காமல் அதைப் பயன்படுத்தக் கூடாது. இளநீரிலும் பொட்டாசியம் அதிகம்.

காமரங்காய் என்று சிலர் சொல்லும், வெட்டினால் நட்சத்திரம் போலத் தோன்றும் பழத்தைச் சிறுநீரக நோயாளர் அறவே தவிர்க்க வேண்டும். சுகமான சிறுநீரகம் வெளியேற்றிவிடும் நச்சுப்பொருள் ஒன்று, பழுதடைந்தவரின் உடலில் தங்கி மூளையைத் தாக்கும். தொடர் விக்கல், மயக்கம், வலிப்பு வந்து இறந்தவர்களும் உண்டு.

“நிறையத் தண்ணீர் குடித்தால் கிட்னி கழுவுப்படும்” என்பது சரியல்ல. கல் வருத்தம் உள்ளவர்களுக்கு அதிக நீர் நல்லது. மற்றவர்கள் தாகத்துக்கும் வெயிலுக்கும் ஏற்பக் குடித்தால் போதும். பழுது முற்றியவர்களுக்கு நீரின் அளவைக் குறைக்கவும் சொல்வோம்.

கந்தசஷ்டி போன்ற நீண்ட விரதங்களைப் பிடிப்பவர்கள் நீரிழிவு அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்களாயின் முன்கூட்டியே வைத்தியரிடம் பேசுங்கள். சில குளிசைகளை எடுத்துக்கொண்டு பட்டினி இருப்பது உயிராபத்தில் முடியலாம். பாலும் பழமும் எடுத்தோ ஒருநேரம் உணவு எடுத்தோ விரதமிருக்கும் வழக்கம் எம்மிடையே இருக்கத்தானே செய்கிறது.

பழுது முற்றிவிட்டால்

ஐந்தாம் நிலையில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று டயலிசிஸ். இரத்தத்தை இயந்திரத்தினூடாகச் செலுத்திச் சுத்திகரிக்கும் முறையில், வழக்கமாகக் கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணிநேரம் செலவாகும். வயிற்றறைக்குள் திரவத்தைச் செலுத்தி வீட்டிலேயே செய்யும் முறையும் உண்டு. ஒரு குடும்பத்தின் வேலை, வருமானம், பயணம் அனைத்தையும் டயலிசிஸ் மாற்றிவிடும். ஆயினும் அது உயிரைக் காக்கிறது. அதனுடன் பல ஆண்டுகள் வாழ்பவர்கள் இருக்கிறார்கள்.

மற்றது சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை. 1954 டிசம்பரில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், ஒரேமாதிரியான இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தியதே முதல் வெற்றி. அதைச் செய்த டொக்டர் ஜோசப் மறே 1990இல் நோபல் பரிசு பெற்றார். இன்று இது வழமையான சிகிச்சை. பொருத்தமானவர்களுக்கு டயலிசிஸைவிட மேலானதும் இதுவே.

இரத்தவகையும் திசுவகையும் பொருந்தும் சிறுநீரகம், பெரும்பாலும் அதே இனத்தவரிடமிருந்தே எளிதாகக் கிடைக்கும். ஆனால் எம்மவரில் தானம் செய்பவர்கள் குறைவு. ஆகவே எம்மவர் காத்திருக்கும் காலமும் அதிகம். வேல்ஸில் 2015 முதலும், இங்கிலாந்தில் 2020 முதலும், ஸ்கொட்லாந்தில் 2021 முதலும், வட அயர்லாந்தில் 2023 முதலும், மறுப்புப் பதிவு செய்யாத வளர்ந்தவர்கள் இறந்தபின் உறுப்புத் தானத்துக்கு உடன்பட்டவர்களாகக் கருதப்படுகிறார்கள். எனினும் குடும்பத்தவரிடம் கேட்பார்கள். அந்த வேளையில் உங்கள் விருப்பம் தெரியாவிட்டால் அவர்கள் மறுத்துவிடக்கூடும். ஆகவே உங்கள் விருப்பத்தை உயிருடன் இருக்கும்போதே வீட்டாருக்குச் சொல்லிவையுங்கள். சிறுநீரகத்தை விலைக்கு வாங்குவதும் விற்பதும் இந்நாட்டில் குற்றம் என்பதையும் மறக்கவேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியவை

1. நீரிழிவு, பிரஷர், இதயநோய் உள்ளவர்களும், குடும்பத்தில் சிறுநீரக நோய் உள்ளவர்களும் இரத்தம், சிறுநீர் இரண்டையும் ஆண்டுதோறும் பரிசோதிக்கும்படி கேளுங்கள். இங்கிலாந்தில் இந்நோய்கள் இல்லாத 40 முதல் 74 வயதினர் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இலவச உடல்நலப் பரிசோதனைக்கு அழைக்கப்படுகிறார்கள். அழைப்புக் கடிதத்தை எறிந்துவிடாதீர்கள்.

2. “எல்லாம் ஓகே” என்ற பதிலுடன் திரும்பாமல் இரண்டு எண்களையும் கேட்டு, திகதியுடன் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஒரு முறை வந்த எண்ணைவிட, அது ஆண்டுக்காண்டு எப்படி இறங்குகிறது என்பதே எமக்கு அதிகம் சொல்லும்.

3. இரத்த அழுத்தம் பொதுவாக 140/90க்குக் கீழ் இருக்க வேண்டும். சிறுநீரில் புரதம் அதிகம் போனால் 130/80க்குக் கீழ்.

4. ஆங்கிலம் சிரமமானால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முற்பதிவின்போதே கேளுங்கள். கட்டணம் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிச் செல்லும்போது பெற்றோர் சில விடயங்களைச் சொல்லாமல் விடுகிறார்கள். பிள்ளைகளும் சிலவற்றை மொழிபெயர்க்காமல் விடுகிறார்கள்.

5. விசாப் பிரச்சினை உள்ளவர்களும் இங்கிலாந்தில் ஜி.பி.யிடம் பதிவு செய்யலாம். குடியுரிமை, முகவரி ஆகியவற்றுக்கான அத்தாட்சி இல்லை என்ற காரணத்துக்காக மறுக்க முடியாது. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் விதிவிலக்குப் பத்திரம் பெற்றால் எல்லா மருந்துகளும் இலவசம்.

குளியலறை அலுமாரியில் ஒரு வெற்றுப் போத்தல் இருக்கிறதா என்று இன்று பாருங்கள். இருந்தால், நாளைக் காலை அதை நிரப்பி, பெயரும் பிறந்த திகதியும் எழுதி, அன்றே ஜி.பி. நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.